பெட்டிக்கு வந்த மாற்றல்

துக்க வீட்டில் படமெடுப்பது பண்பல்ல. அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு இது 1991-லேயே புரிந்துவிட்டது. போரில் மாண்டவர்கள் வந்திறங்கும் டோவர் விமானப்படைத் தளத்தில் பத்திரிகைக் கேமராக்களுக்கு 2009 வரை தடை இருந்தது. கொடி போர்த்திய அந்த அலுமினியப் பெட்டியைச் சவப்பெட்டி என்பதும் தவறு. கோப்புகளில் அது ‘இடமாற்றப் பெட்டி’. சிப்பாய்க்கு மாற்றல் உத்தரவு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

படமில்லையேல் சாவில்லை. எவ்வளவு சிக்கனமான மருத்துவம்!

குவைத்தில் சரக்கு விமானத்துக்குள் வரிசையாகக் கிடந்த பெட்டிகளைப் படமெடுத்த ஒப்பந்த ஊழியருக்கு 2004-ல் வேலை போனது. பெட்டிகள் நிரம்பக் காரணமானவர்களின் வேலை பத்திரம்.

இத்தகைய படங்களைக் கேட்டுத் தொடுத்த ஒரு வழக்குக்குப் பிறகு, 2005-ல் ராணுவமே நூற்றுக்கணக்கான படங்களை வெளியிட்டது. பெட்டிகள் பளிச்சென்று தெரிந்தன. பல படங்களில், அவற்றைச் சுமந்த வீரர்களின் முகத்தில்தான் கறுப்புக் கட்டம். உயிரோடிருந்தவர்களைக் காணோம்.