எண்ணெய் குடிக்கும் வாயில்லாப் பூச்சி

கேள்வி: தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளைச் சுற்றி டீசல் மினுமினுக்கிறது. எண்ணெய் தின்னும் பாக்டீரியா கடலில் உண்டாமே, அது பார்த்துக்கொள்ளாதா?
- ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: பார்த்துக்கொள்ளும், ஆனால் தன் வேகத்தில். ஆல்கனிவோராக்ஸ் என்ற கடல் பாக்டீரியாவுக்கு டீசலின் நேர்ச்சங்கிலி ஹைட்ரோகார்பன்கள் இட்லி மாதிரி. வளைய வடிவ ஹைட்ரோகார்பன்தான் தகராறு. கடிக்க முனையே கிடையாது.

அதற்கென்றே வேறு சில பாக்டீரியாக்களிடம் என்சைம் வரிசை ஒன்று இருக்கிறது. அப்படியொரு வளையமான சைக்ளோஹெக்சேன் சிக்கினால், முதல் என்சைம் ஓர் ஆக்சிஜனைச் சொருகி அதை வளைய ஆல்கஹாலாக்கும். (சைக்ளோஹெக்சனால். டாஸ்மாக்கில் தேட வேண்டாம், நஞ்சு.) அடுத்தது ஹைட்ரஜனைப் பிடுங்கிக் கீட்டோனாக்கும். மூன்றாவதுதான் கில்லாடி: வளையத்துக்குள்ளேயே இன்னோர் ஆக்சிஜனைத் திணித்து, ஆறு அணு வளையத்தை ஏழாக்கிவிடும். பிறகு நீர் சேர்த்து அந்த இடத்தில் அறுப்பது நான்காவதன் வேலை. வளையம் சங்கிலியாகிவிட்டால் கொழுப்பைப்போலச் செரித்துவிடலாம். அந்தக் கில்லாடியை அசினெட்டோபாக்டரிலிருந்து பிரித்தெடுத்து 1976-ல் விவரித்தார்கள்.

இத்தனைக்கும் ஆக்சிஜன், நைட்ரஜன், பாஸ்பரஸ் எல்லாம் வேண்டும். கெட்டியான கப்பல் எண்ணெய் என்றால் இன்னும் தாமதம். 2017 ஜனவரி 28-ல் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, நாம் பாக்டீரியாவுக்குக் காத்திருக்கவில்லை, வாளியால் அள்ளினோம். பாக்டீரியா மெல்லத் தின்று முடிக்கும்வரை எண்ணெயில் மாட்டிக்கொள்ளும் முத்துச்சிப்பியோ தண்ணீரை வடிகட்டித் தின்னும் பிராணி, எழுந்து ஓடவும் முடியாது. என்ஜின் அடியில் தேங்கும் எண்ணெய்த் தண்ணீரைக் கடலில் இறைக்காமல் கரையில் கொடுக்கச் சொல்லுங்கள். சிந்தியதை மட்டும் பாக்டீரியாவிடம் விடலாம்.