கருவை மூடிய பாதை

ராமநாதபுரம் மாவட்டத்தில் எங்கள் ஊர். கண்மாய்க்கரையோரம் போகும் ஒத்தையடிப் பாதையைப் பிடித்தால் பஸ் நிற்கும் இடத்துக்குச் சீக்கிரம் போய்விடலாம். நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் அதை யாரும் வெட்டிச் சீர்செய்து பார்த்ததில்லை. விடிந்தால் ஆடுகள் போகும், பின்னாலேயே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். பொழுது சாய்ந்ததும் விறகுக்கட்டோடு அப்பத்தாவும் அவர் கூட்டாளிகளும் திரும்புவார்கள். பாதையில் நீட்டிய கருவைக் கொப்பு அன்றைக்கே அடுப்புக்குப் போய்விடும்.

இந்தச் சீமைக்கருவேலம் மெக்சிகோ, கரீபியன் பக்கத்து மரம். விறகுப் பஞ்சம் தீரட்டும் என்று அரசே விதை தூவிப் பரப்பியது. மழை பொய்த்த வருஷங்களில் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அதை மறந்துவிட்டு மரத்தைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

2007-இல் இலவச எரிவாயு அடுப்புத் திட்டம் வந்தது. புகையில் கண் கெட்ட பெண்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் விறகுக்கு நடந்த கால்கள் நின்றதும் கருவை பாதைக்குள் இறங்கிவிட்டது. ஆடு தின்ற நெற்றின் விதை புழுக்கையோடு விழுந்து பாதையிலேயே முளைத்தது. வண்டி உள்ளவர்கள் தார்ச்சாலையில் சுற்றிப் போனார்கள். வண்டி இல்லாத கிழவிகள் முள்ளுக்குள் குனிந்து போனார்கள். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டபோது ஜேசிபி கண்மாய்க்குள் இறங்கியது. கரைப் பாதைப் பக்கம் யாரும் வரவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் ஊர்ப் பையன்கள் அரிவாளோடு இறங்குகிறார்கள். நானும் போகிறேன். ஒருவர் கவைக்கம்பால் கொப்பை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் குனிந்து அடியில் வெட்ட வேண்டும். பிடி நழுவினால் கொப்பு முகத்தில் அடிக்கும். கீழே கிடக்கும் முள் ரப்பர் செருப்பைத் துளைத்து ஏறி, ஊக்கால் கிளறி எடுத்த பிறகும் ராத்திரி முழுக்கக் கடுக்கும்.

"மேலே வெட்டிட்டுப் போயிராதீங்கப்பா. தூரோட தோண்டுங்க, இல்லாட்டி ஒண்ணு பத்தாத் தழையும்" என்றார் ஆடு மேய்க்கும் பெரியப்பா ஒருவர். அவர் சொன்னதுதான் சரி. வெட்டிய இடத்திலெல்லாம் அடுத்த மழைக்குள் பச்சைக் குருத்து கிளம்பிவிட்டது. அதனால் இப்போது கடப்பாரையும் கொண்டுபோகிறோம். பாதி தூரம் முடிந்திருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் மிச்சத் தூர்களையும் எடுத்தாக வேண்டும். வெறுங்கையோடு வந்தாலும் போதும், வெட்டிய கொப்புகளை இழுத்துப்போட ஆள் பத்தவில்லை.