தாத்தாவின் மூக்கு

தாத்தாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது 1980களின் தொடக்கத்தில். அப்போதெல்லாம் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸை எடுத்துவிடுவார்கள். பதிலுக்கு உள்ளே ஒன்று வைப்பது அபூர்வம். மதுரையில் ஆரோலேப் மலிவு விலை உள்விழி லென்ஸ் செய்யத் தொடங்கியதே 1992-ல்தான். ஆகவே தாத்தாவுக்குக் கிடைத்தது ஒரு சோடாபுட்டிக் கண்ணாடி. போட்டுக்கொண்டால் அவர் கண் எங்களுக்குக் கோலிக்குண்டு கணக்காகத் தெரியும்.

பிளவக்கல் பக்கம் மலையில் மேகம் இறங்குகிறதா என்று பார்க்கக் கண்ணாடியை முகத்தோடு ஒட்டித் தள்ளுவார். தந்தித் தலைப்புகளைப் படிக்க மூக்கு நுனிக்கு இறக்குவார். கூமாப்பட்டிப் பொடியன்கள் நாங்கள் அதை நடித்துக் காட்டிச் சிரிப்போம். பிளஸ் லென்ஸ் கண்ணை விட்டு விலக விலக அதன் பலன் கூடும் என்கிற ஒளியியல் எங்களுக்குத் தெரியாது. தாத்தாவுக்கும் தெரியாது. அவர் மூக்குக்குத் தெரிந்திருந்தது.

இப்போது எனக்கு வெள்ளெழுத்து. பைஃபோகல் போட்டுப் படி இறங்கினால் கடைசிப் படி எங்கோ கிடக்கிறது. "கரண்ட்ல பவர் மாறுற கண்ணாடி இருக்குப்பா" என்கிறான் மகன். இருந்தது. அமெரிக்காவில் பிக்சல்ஆப்டிக்ஸ் நிறுவனம் 2011-ல் விற்றது. கால்குலேட்டரில் எண் காட்டுகிற திரவப் படிக வகையறாதான். லென்ஸுக்குள் மெல்லிசாக ஓர் அடுக்கு. தலையைக் குனிந்தால் மின்சாரம் பாய்ந்து படிக்கிற பவர் வந்துவிடும். ராத்திரி சார்ஜ் போட வேண்டும். (கரண்ட் போன அன்று படிக்காமல் தூங்கிவிடலாம்.) 2013-ல் நிறுவனம் திவால்.

இன்னொன்று திரவ லென்ஸ். சிமிழுக்குள் தண்ணீரும் எண்ணெயும் ஒட்டாமல் நிற்கும். வோல்டேஜைக் கூட்டிக் குறைத்தால் நடுவிலுள்ள எல்லை வளைந்து கொடுக்கும். அசையும் உறுப்பே கிடையாது. பார்கோடு படிக்கும் கருவிகளில் இந்த வகை வேலை செய்கிறது. 2021-ல் ஷாவ்மி தன் மடக்கு போன் ஒன்றில் வேறொரு வகைத் திரவ லென்ஸ் வைத்தது. மனிதன் மூக்கில் உட்கார மட்டும் இன்னும் சரியாக வரவில்லை.

2025-ல் ஒரு ரீல்ஸால் எங்கள் ஊர் பேர் பெற்றதும் ஆள் ஆளுக்கு போனைத் தூக்கிக்கொண்டு பிளவக்கல் அணைக்கு வந்தார்கள். அந்த போன்களில் பெரும்பாலானவற்றில் ஃபோகஸ் செய்வது ஒரு காந்தமும் கம்பிச்சுருளும்: லென்ஸை நூலளவு முன்னே தள்ளும், பின்னே இழுக்கும்.

தாத்தாவின் கண்ணாடி டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஒரு பக்கக் கம்பி கிடையாது, வாழைநார் கட்டியிருக்கிறார்.