சும்மா இருக்கையில் உறைதல்: பல கோர்க் கணினிகள் பற்றிய ஓர் உரை

கணினி உறைதல் இருவகைப்படும்: வேலையில் உறைதல், வேலையின்மையில் உறைதல். முன்னதற்குச் சூடு, கெட்ட மெமரி, ஒவ்வாத டிரைவர் எனக் காரணம் பலவாகலின் அஃது இவ்வுரைக்குப் புறம்பு. பின்னதே ஈண்டு ஆராயற்பாலது. மணிக்கணக்கில் வீடியோ ரெண்டர் செய்தும் சளைக்காத கணினி, உடையவர் டீ குடிக்க எழுந்ததும் அம்புக்குறியோடு கல்லாய்ச் சமைவது என்னை?

விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக்கில் 'நம்பர் ஆஃப் பிராசசர்ஸ்' பெட்டியை டிக் செய்து, இருப்பதில் பெரிய எண்ணைத் தேர்ந்தால் நோய் தீரும் என்பார் ஒருசாரார். அது பொருந்தாது. டிக் இல்லாதபோதே விண்டோஸ் எல்லாக் கோர்களையும் எடுத்துக்கொள்ளும். அப்பெட்டி சோதனைக்காகக் கோர்களைக் குறைக்க வந்தது, கூட்ட வந்ததன்று. ஆயினும் யூடியூப் குருமார் இவ்வுபதேசத்தை விடுவதாயில்லை.

இனி, வேலையற்றபோது கோர்கள் உறங்கும் இலக்கணம். சி-0 விழிப்பு. சி-1 கண்ணயர்தல், கோரின் கடிகாரத் துடிப்பு மட்டும் நிற்கும். சி-6 பேருறக்கம், கோர் தன் நிலையை எழுதி வைத்துவிட்டு மின்னழுத்தத்தை ஏறத்தாழச் சுழியமாக்கிக்கொள்ளும். எழுதி வைத்ததைப் படித்து எழுந்தால் நன்று. எழாவிடில் மற்றக் கோர்களும் அதற்காகக் காத்துக் கிடக்கும்.

சான்று வேண்டுவார்க்கு: 2017-இல் வந்த முதல் ரைசன் சிப்களில் சில, லினக்ஸில் சும்மா இருக்கையில் உறைந்தன. பயாஸில் 'பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்' என்பதை 'டிபிக்கல் கரன்ட் ஐடில்' ஆக்கப் பலர்க்கு நோய் நீங்கிற்று. அதற்கு முன்னரே இன்டெல்லின் பே டிரெயில் சிப்களுக்கு லினக்ஸார் கண்ட மருந்து இன்னும் கடிது: 'இன்டெல்_ஐடில்.மேக்ஸ்_சிஸ்டேட்=1' என்று பூட் வரியில் சேர்த்தல். கண்ணயரலாம், அதற்குமேல் உறங்கலாகாது என்பது கருத்து. லேப்டாப் பேட்டரி சீக்கிரம் தீருமே எனின், தீரும். உறைந்த கணினியில் பேட்டரி மிஞ்சியும் பயனில்லை என்க.

சோதிக்கும் முறையாவது: ஒரு நேரத்தில் ஓர் அமைப்பையே மாற்றுக, இரண்டை ஒருசேர மாற்றினால் எது மருந்து என்பது விளங்காது. திரையில் நொடி காட்டும் கடிகாரம் ஒன்றை ஓடவிடுக. உறைந்த நேரத்தை அதுவே சொல்லிவிடும். பின்னர்க் கணினியைத் தொடாதிருக்க. மவுஸை அசைத்தாலும் கோர்கள் விழித்துக்கொள்ளும், சோதனை கெடும். ஆகவே இத்துறையில் களப்பணி என்பது நாற்காலியில் சாய்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருத்தலே. காஸ் சிலிண்டர் புக் செய்யச் சொல்லி வீட்டார் அழைப்பின், ஆய்வு நடக்கிறது எனலாம். நம்புவார் இலர்.