எக்ஸ்எல் யாருக்கு?

350 ரூபாய் ஆன்லைன் குர்த்தியில் எக்ஸ்எல் என்றால் மார்பளவு 42 அங்குலமாம். உடம்புக்கா, துணிக்கா? அதை மட்டும் சொல்ல மாட்டார்கள். துணிக்கு என்றால் மூச்சுவிட இரண்டு அங்குலம் போக, அது 40 உடம்புக்குத்தான். விமர்சனங்களைப் பார்த்தால், 'ஒரு சைஸ் பெரிசா வாங்குங்க' என்கிறார் ஒரு அக்கா. 'கூடாரம் மாதிரி இருக்கு' என்கிறார் அடுத்தவர். இருவருமே ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். வந்ததைத் தையற்கடையில் பிரித்துவிடலாமென்று உள்ளே திருப்பினால், ஓவர்லாக்கை ஒட்டி வெட்டியிருக்கும். அரை அங்குலத் துணிகூட விட்டிருக்க மாட்டார்கள். அந்த விலைக்கு அவ்வளவுதான். இந்திய உடலுக்கென்று தனி அளவு காண மத்திய அரசின் ஃபேஷன் கல்வி நிறுவனமான நிஃப்ட் ஆயிரக்கணக்கானோரை 3டி ஸ்கேனரில் நிறுத்தி அளந்தது. நம் குர்த்திக்காரரோ படத்தில் நிற்கும் 5 அடி 8 அங்குலப் பெண்ணோடு சரி. அவர் முதுகுப்பக்கம் எத்தனை கிளிப் என்பது போட்டோகிராபருக்கே வெளிச்சம்.