தொலைநோக்கி வாங்கிய பிறகு படிக்க வேண்டிய வழிகாட்டி

தொலைநோக்கி வாங்கச் சொல்லித்தரும் வழிகாட்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே குறைதான். வாங்குவதற்கு முன் படிப்பவர் அவற்றை நம்புவதில்லை. வாங்கிய பிறகு படிப்பவருக்கு அவை உதவுவதில்லை. இந்த வழிகாட்டி அந்தச் சிக்கலைத் தீர்த்துவிடுகிறது. பினாங்கின் பாயான் பாருவில் போனஸ் கையில் வந்த மாதத்தில், வானம் பார்க்கும் ஆசை பிடித்த ஒருவர் எப்படியும் செய்யப்போவதை எல்லாம் அதே வரிசையில் செய்யச் சொல்கிறது. யாரும் கீழ்ப்படியாமல் போக வழியே இல்லை.

படி 1: பெட்டியில் இருக்கும் மிகப் பெரிய எண்ணை வாங்குங்கள்

'525 மடங்கு' என்று எதில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதோ அந்தப் பெட்டியை எடுங்கள். மேலே சனிக் கோளின் வண்ணப்படம் கட்டாயம் இருக்கும். அதை எடுத்தது ஒரு விண்கலம் என்பதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

525 பொய்யான எண் அல்ல. குழாயின் குவியத் தூரம் 700 மில்லிமீட்டர். கூடவே வரும் 4 மி.மீ. கண்வில்லையால் அதை வகுத்தால் 175. மும்மடங்கு பார்லோ வில்லையைச் செருகினால் 525. கணக்கு சரி. ஆனால் முன்வில்லையின் விட்டம் 60 மி.மீ.தான். விட்டத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு என்பதுதான் உருப்படியான எல்லை; ஆக 120. அதைத் தாண்டினால் பெரிதாவது வியாழன் அல்ல, மங்கல். பூமி சுழன்றுகொண்டே இருப்பதால் அந்த மங்கலும் இருபது விநாடிக்குள் பார்வையை விட்டு ஓடிவிடும்.

1610 ஜனவரியில் கலிலியோ வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டது ஏறத்தாழ 20 மடங்கில். பாவம், அவருக்குப் பெட்டி போட்டு யாரும் விற்கவில்லை.

படி 2: ஆலோசனையைப் பல்லாயிரம் மைல் தள்ளிக் கேளுங்கள்

முதல் குழாய் அலமாரிக்கு மேலே ஏறியதும் உங்களுக்குப் பொறுப்பு வந்துவிடும். இனி எதையும் படித்துத்தான் வாங்குவீர்கள். படிக்கும் புத்தகங்களோ இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வீட்டுக்குப் பின்னால் தோட்டம் வைத்திருப்பவர்கள் எழுதியவை. நல்ல புத்தகங்கள், அவர்கள் வானத்துக்கு.

முதல் வேலையாக ஈக்குவட்டோரியல் மவுண்ட் வாங்கச் சொல்வார்கள். அதன் ஓர் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி நிறுத்திவிட்டால், பிறகு ஒரே ஒரு திருகைத் திருப்பி விண்மீன்களைப் பின்தொடரலாம். லண்டனில் அந்த அச்சு 51 பாகை சாய்ந்து கம்பீரமாக நிற்கும். பாயான் பாரு இருப்பது ஐந்து பாகைக்குச் சற்று மேலே. துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்துக்கு மேல் மூன்று விரற்கடை உயரம்தான். அந்தத் திசையில் 833 மீட்டர் கொடிமலை நிற்கிறது. மலைக்கு முன்னால் அடுக்குமாடி, அடுக்குமாடிக்கு மேல் கடல்காற்றின் ஈரப்புகை. இத்தனையும் தாண்டிக் குத்துமதிப்பாக அச்சைத் தாழ்த்தினால், பல தாங்கிகளில் திருகு அவ்வளவு கீழே இறங்காது. இறங்கினாலும் எதிர்ப்பாரக் குண்டு முக்காலியின் காலில் போய் இடிக்கும்.

இரண்டாவது புத்திமதி: பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே தொலைநோக்கியை வெளியே வைத்துக் குளிரவிட வேண்டும். அங்கே வீடு வெதுவெதுப்பு, வெளியே குளிர். உங்கள் வீட்டில் ஏர்கோன் ஓடும் அறையிலிருந்து குழாயை வெளியே கொண்டுவந்தால் நடப்பது நேர் எதிர். குளிர்ந்த கண்ணாடியில் பினாங்கின் இரவுக்காற்று பட்டதும் முத்து முத்தாக வியர்த்துவிடும். இங்கே குழாயைச் சூடேறத்தான் விட வேண்டும். அந்த வரியை அந்தப் புத்தகங்களில் தேடாதீர்கள்.

படி 3: பால்கனியில் நிறுத்துங்கள்

கார் பார்க் வரை யார் தூக்கிக்கொண்டு போவது? பால்கனிதான் உங்கள் வானாய்வுக்கூடம்.

இந்த ஊருக்கு இயற்கை கொடுத்த பெரிய வரம் இங்கேதான் வீணாகிறது. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால், சூரியனும் நிலவும் கோள்களும் போகும் பாதை நம் தலைக்கு மேலேயே ஓடுகிறது. ஒரு கோள் மிகத் தெற்கே இருக்கும் ஆண்டிலும் உச்சத்தில் ஏறத்தாழ 60 பாகை உயரம் ஏறிவிடும். அதே கோள் லண்டன்காரருக்கு 15 பாகையில் வீட்டுக் கூரைகளை உரசிக்கொண்டு போகும். உயரத்தில் இருக்கும் கோளின் ஒளி குறைந்த காற்றையே கடந்து வருகிறது, படம் அவ்வளவாக நடுங்குவதில்லை. அவர்கள் ஏங்கும் வியாழனும் சனியும் நம் உச்சந்தலையில் நிற்கின்றன. அங்கே உங்களுக்குத் தெரிவது மேல்மாடிக்காரரின் பால்கனித் தளமும் அவர் காயப்போட்ட போர்வையும்.

பால்கனியில் இன்னொரு நன்மையும் உண்டு. குழாய் எப்போதும் எதிர் புளோக்கையே பார்க்கும். "என்ன தம்பி, யாரு வீட்டைப் பார்க்கிற?" என்று மின்தூக்கியில் ஓர் ஆன்ட்டி கேட்கும் நாள் வரும். "வியாழன், ஆன்ட்டி" என்று நீங்கள் சொல்வீர்கள். அன்று செவ்வாய்க்கிழமையாக இருக்கும்.

படி 4: தெரியாதவற்றைத் தேடுங்கள்

அண்டங்களும் வண்ண மேகங்களும்தான் உங்கள் இலக்காக இருக்க வேண்டும். இரவு முழுக்க விளக்கெரியும் தொழிற்சாலைகள், விமான நிலையம், பாலம், கப்பல்கள் எல்லாம் சேர்ந்து பாயான் பாருவின் வானத்தைச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவந்திருக்கின்றன. அதை வெல்ல ஒளிமாசு வடிகட்டி ஒன்று வாங்குங்கள். பழைய சோடியம் விளக்குகள் குறிப்பிட்ட சில நிறங்களில் மட்டும் எரிந்த காலத்தில் அது பலன் தந்தது. எல்லா நிறத்திலும் எரியும் இன்றைய எல்இடி வெளிச்சத்தில் எதை வடிகட்டுவது என்று அதற்கே தெரியாது.

நிலவும் கோள்களும் இரட்டை விண்மீன்களும் ஊர் வெளிச்சத்தைப் பொருட்படுத்துவதில்லை. ஆல்ஃபா சென்டாரி ஒன்றல்ல, இரண்டு என்பதைச் சிறு தொலைநோக்கியே பிரித்துக்காட்டும். அகத்திய நட்சத்திரம் 30 பாகைக்கும் மேலே ஏறும். மே மாதம் இரவு பத்து மணி வாக்கில் விமான நிலையத் திசையில் தெற்குச் சிலுவை நிமிர்ந்து நிற்கும். புத்தகம் எழுதிய லண்டன்காரர் தன் வீட்டிலிருந்து இந்த மூன்றில் ஒன்றைக்கூட என்றைக்கும் பார்க்க முடியாது. ஆகவே அவருடைய பட்டியலில் அவை இல்லை; ஆகவே உங்கள் பட்டியலிலும் இல்லை.

இருட்டுதான் வேண்டுமென்றால் தீவின் மேற்குப் பக்கம் போக வேண்டும். பாலிக் பூலாவ் தாண்டிப் பந்தாய் ஆச்சேயில், வானியல் அறிஞர் ஷேக் தாஹிர் ஜலாலுடீன் பெயரில் ஃபலாக் எனப்படும் இஸ்லாமிய வானியலுக்கு ஒரு மையம் இருக்கிறது. பிறை பார்ப்பதற்கென்று அந்த இடத்தைத் தேர்ந்தவர்கள் மேற்கே திறந்த கடலைப் பார்த்தார்கள். அவர்களுக்கு முதலில் திசை, பிறகுதான் கருவி.

இந்த ஒரு பத்தியில் மட்டும் கேலி கிடையாது. மலிவுப் பெட்டியில் கண்வில்லைக்குள் திருகும் சிறிய கறுப்புச் 'சூரிய வடிகட்டி' இருந்தால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். குவிந்த வெயிலில் அது விரிசல் விட்டால் கண் போய்விடும். சூரியனுக்கான வடிகட்டி குழாயின் முன்வாயை முழுக்க மூட வேண்டும். 2031 மே 21 அன்று வளையச் சூரிய கிரகணம் தமிழ்நாட்டைத் தொட்டுக்கொண்டு மலேசியத் தீபகற்பத்தின் வடபகுதி வழியாகப் போகிறது. அதற்குள் சரியான வடிகட்டி ஒன்றை வாங்கிவைக்கக் காலம் இருக்கிறது.

படி 5: பத்திரமாகப் பூட்டி வையுங்கள்

பார்த்து முடித்ததும் ஈரத்தோடு மூடியைப் போட்டு, நுரை வைத்த பெட்டியில் வைத்து, அலமாரியில் பூட்டுங்கள். சில மாதம் கழித்துத் திறந்தால் வில்லையின் உட்புறம் வெள்ளை நூல் நூலாக ஒரு புதிய விண்மீன் மண்டலம் விரிந்திருக்கும். அதுதான் பூசணம். அது வெறும் அழுக்கல்ல. அது சுரக்கும் அமிலம் பூச்சையும் கண்ணாடியையும் அரிக்கும். துடைத்தாலும் தடம் போகாது.

கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ஈரநீக்கும் அலமாரி இதற்கு மருந்து. உள்ளே ஈரப்பதம் 40க்கும் 50க்கும் இடையில் நிற்க வேண்டும். அவ்வளவு செலவு வேண்டாமென்றால் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஜெல் நிறம் மாறியதும் காயவைக்க வேண்டும். தொலைநோக்கிக்கு முன்னால் வாங்க வேண்டியது இதுதான். ஆனால் வெறும் டப்பாவை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் யார் மதிப்பார்கள்?

படி 6: வானத்துக்கு நாள் குறியுங்கள்

புதிய கருவி வந்த இரவில் மேகம் கூடும். இதில் நீங்கள் முதல் ஆள் அல்ல. கியோம் லெ ஜான்தி என்ற பிரெஞ்சு வானியலாளர், சூரியனைச் சுக்கிரன் கடப்பதைப் பார்க்க 1760இல் புதுச்சேரிக்குக் கப்பல் ஏறினார். வழியிலேயே அந்த ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1761இல் ஆடும் கப்பலில் இருந்தபடி பார்த்ததில் பயனுள்ள அளவீடு ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த கடப்புக்கு எட்டு ஆண்டு காத்திருந்தார். மணிலாவிலேயே பார்த்துவிடலாம் என்றிருந்தவரைப் புதுச்சேரிக்குப் போகச் சொல்லிக் கடிதம் வந்தது. புதுச்சேரியில் ஆய்வுக்கூடமே கட்டிக்கொடுத்தார்கள். சண்டைக்காரர்களான ஆங்கிலேயர்களே மதராஸிலிருந்து நல்ல தொலைநோக்கி ஒன்றை அனுப்பிவைத்தார்கள். 1769 ஜூன் 4 காலை, கடப்பு நடந்த நேரம் பார்த்து மேகம் மூடியது. மணிலாவில் வானம் தெளிவாக இருந்தது. 1771இல் ஊர் திரும்பியபோது அவர் இறந்துவிட்டார் என்று முடிவுகட்டி வாரிசுகள் சொத்தைப் பிரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புதுச்சேரியில் அவர் வீணாக இருக்கவில்லை. உள்ளூர்த் தமிழர்கள் சோழிகளை அடுக்கி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டு கிரகணம் கணிக்கும் முறையைக் கற்று எழுதிவைத்தார். சோழிக்குப் பூசணம் பிடிக்காது.

நம் பக்கத்தில் மாலை மழை, சுமத்ராவிலிருந்து வரும் புகைமூட்டம் எல்லாம் போக, டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் ஓரளவு நம்பலாம். நல்ல இரவு சொல்லிக்கொண்டு வராது. ஆகவே ஐந்து நிமிடத்தில் வெளியே எடுத்துவைக்க முடியாத கருவி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சின்னதுதான்.

படி 7: கடைசியில் வாங்க வேண்டியதைக் கடைசியில் வாங்குங்கள்

இந்திய வானியலாளர் வைணு பாப்பு முதலில் தேடியது மலையை. ஜவ்வாது மலையில் காவலூரைக் கண்டுபிடித்த பிறகு, 1968இல் அங்கே நிறுவப்பட்ட முதல் தொலைநோக்கி 38 செ.மீ.தான். 2.3 மீட்டர் பெருந்தொலைநோக்கி வந்தது 1986இல். இடம், சிறியது, பெரியது: இந்த வரிசை அவருக்கு. உங்களுக்குப் பெரியது, சிறியது, இடம்.

இப்போது கடைசிக்கு வந்துவிட்டதால் சொல்லலாம். முதலில் வெறுங்கண், கைப்பேசியில் காசு கேட்காத ஒரு வான வரைபடம். பிறகு 10x50 இருகண் நோக்கி. நிலவின் பள்ளங்கள், வியாழனின் நிலவுகள், தெற்கே ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்து எல்லாம் அதில் அகப்படும். கழுத்து வலிக்கும், சாய்வு நாற்காலி ஒன்று போதும். அதற்குப் பிறகும் ஆசை அடங்காவிட்டால் ஆறு அல்லது எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி. அதற்குத் துருவ நட்சத்திரமும் வேண்டாம், எதிர்ப்பாரக் குண்டும் வேண்டாம், மின்தூக்கியில் நுழையும், கார் பார்க்கில் தரையில் வைத்துத் தள்ளினால் திரும்பும். நேர் உச்சியில் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். கோள் உச்சியைத் தாண்டும்வரை ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வரலாம்.

அதை உருவாக்கிய ஜான் டாப்சன், சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபின் வேதாந்த மடத்தில் துறவியாக இருந்தவர். கையில் காசில்லை, கப்பல் சன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தார், அட்டைக் குழாயில் பொருத்தினார். மடத்து வேலையை விட்டுத் தெருத்தெருவாக ஊராருக்கு நிலவு காட்டப் போகிறார் என்று 1967இல் மடம் அவரை வெளியேற்றியது. அடுத்த ஆண்டே நடைபாதை வானியலாளர் சங்கத்தைத் தொடங்கினார். பாயான் பாரு கார் பார்க்கிலும் அதுதான் வழி. முதல் இரவு காவலுக்கு இருக்கும் ஜாகா வந்து விசாரிப்பார். அவரையே முதலில் நிலவைப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த முறை எதிர் புளோக் ஆன்ட்டி பேரப்பிள்ளைகளோடு வரிசையில் நிற்பார். பக்கத்து விளக்கை ஜாகாவே அணைத்துத் தருவார். எந்தக் கடையிலும் கிடைக்காத ஒளிமாசு வடிகட்டி அது.

படி 8: விற்றுவிடுங்கள்

முதல் ஆறு படிகளில் சேர்ந்ததை எல்லாம் 'ஒரே முறை பயன்படுத்தியது' என்று விளம்பரம் போட்டு விற்றுவிடுங்கள். உண்மையாகத்தான் இருக்கும்.

விற்க ஆள் இருக்கும் ஊரில் வாங்கவும் ஆள் இருக்கலாம். எட்டு அங்குல டாப்சோனியனையே மின்தூக்கி இல்லாத நாலாம் மாடிக்கு வாங்கி வைத்துவிட்டு விற்பவரும் இருப்பார். அவரைத் தேடிப் போங்கள். டார்ச் விளக்கை ஆடியின் மேல் சாய்த்து அடித்துப் பூசணம் பாருங்கள், குழாயை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், பிறகு விலை பேசுங்கள். பேசி முடித்த பின் ஏன் விற்கிறார் என்று மட்டும் கேளுங்கள். அவர் ஒரு மணி நேரம் பேசுவார். குறுக்கிடாதீர்கள். அந்த ஒரு மணி நேரப் பேச்சுக்கு அவர் முழு விலை கொடுத்திருக்கிறார்; உங்களுக்கு அது இலவசமாகக் கிடைக்கிறது.