காசு கொடுத்துப் பயப்படுவது எப்படி?

'துடிப்பான தம்பதியருக்கு' என்று ஒரு சுற்றுலாவுக்குப் பெயர் வைத்தால், வருகிற இருவரில் ஒருவர்தான் துடிப்பானவர் என்பது விற்கிறவருக்கே தெரியும். இன்னொருவர் பை தூக்க வருகிறவர். எங்கள் வீட்டில் துடிப்பை என் மனைவி பார்த்துக்கொள்கிறாள்.

அவள் செல்போனில் காட்டியது கலாபகஸ் தீவுகள். ஈக்வடார் கரையிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் கடலுக்குள் இருப்பவை. 1835இல் டார்வின் போய்ப் பார்த்துவிட்டு வந்து நம் எல்லோரையும் குரங்கின் உறவினர்களாக்கினாரே, அந்த இடம். கப்பலில் மிதந்தபடி ஆமையும் கடற்சிங்கமும் பார்ப்பது, கரையிறங்கிச் சைக்கிள் மிதிப்பது, பிறகு எரிமலை ஏறுவது என்று திட்டம். எந்த விலங்கையும் இரண்டு மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்று அங்கே விதி. விலையைப் பார்த்ததும் அதையும் அவ்வளவு தூரத்தில் வைத்தேன். அந்தப் பணத்துக்கு ஓசூரில் அரை கிரவுண்டு கிடைக்கும் என்று சொன்னால், இந்த ஊரில் மனை விலை தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

"இதெல்லாம் நம்ம பக்கத்துலயே இருக்கே" என்றேன். காசை மிச்சம் பிடிக்கச் சொன்ன சொல். அவள் அதைத் திட்டமாக எடுத்துக்கொண்டாள்.

கப்பலுக்கு முதலில் தண்ணீர் வேண்டும். எங்களுக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணை இருக்கிறது. பெங்களூரு கழிவையெல்லாம் தென்பெண்ணை சுமந்து வர, மதகு திறந்தால் வெள்ளை நுரை மலை மலையாக எழும்பும். அண்டார்டிகா போக ஆசைப்படுகிறவர்களுக்குச் செலவில்லாத ஏற்பாடு. மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மனைவி ஒகேனக்கல் என்றாள். போகும் வழி தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, அதுவும் சைக்கிளில்.

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரம், காவிரிக்கரை வெகு தாழ்வு. ஆகவே வழி முழுக்க இறக்கம் என்று தேறினேன். சிப்காட்டில் தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்க்கிறவன் நான்; அடுத்தவர் கணக்கில்தான் எனக்குத் தப்புத் தெரியும். ரோடு போட்டவர்கள் நடுநடுவே மேடுகளையும் சேர்த்திருந்தார்கள். தேன்கனிக்கோட்டையைத் தாண்டி ஒரு மேட்டில், ஹெல்மெட்டும் முழங்கால் கவசமும் கறுப்புக் கண்ணாடியுமாக நான் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தபோது, அரசாங்கம் கொடுத்த விலையில்லா மிதிவண்டியில் பிளஸ் ஒன் பிள்ளைகள் கெமிஸ்ட்ரி டெஸ்டைப் பற்றிப் பேசிக்கொண்டே தாண்டிப் போனார்கள். ஒரு பெண் மட்டும் திரும்பி, "அங்கிள், கியரக் கொறைங்க" என்றாள். அவள் வண்டியில் கியரே கிடையாது.

அஞ்செட்டிக் காட்டுக்குள் 'யானைகள் கடக்கும் பகுதி' என்ற பலகைகள் வரத் தொடங்கின. இந்தக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டரை 2022இல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள். கர்நாடகத்தின் காவிரிச் சரணாலயமும் இதுவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் யானைகளுக்கு எல்லைப் பிரச்சினை இல்லை. ஒவ்வொரு பலகையையும் கண்டதும் நான் மனைவியை முன்னால் போகச் சொன்னேன். பெண்களுக்கு மரியாதை. கண்ணில் பட்டதெல்லாம் குரங்குகள். அவையும் என் பையைத்தான் பார்த்தன.

ஒகேனக்கல் பரிசலைக் கப்பல் என்று சொல்ல மனசாட்சி இடம் தராது. ஒரு வட்டத்துக்குள் துடுப்போடு ஒருவர், உயிர்காப்பு அங்கியோடு நாங்கள். முன்பக்கம் பின்பக்கம் என்று எதுவும் இல்லாததால் பின்வாங்கவும் வழியில்லை. "சுத்தட்டுமா சார்?" என்று பரிசல்காரர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் "நல்லா சுத்துங்கண்ணே" என்று பதில் போய்விட்டது. திறந்த வாய்க்குள் காவிரி புகுந்தது. சாதாரணத் தண்ணீரா அது? மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளந்து கணக்கெழுதி அனுப்பும் தண்ணீர். ஆண்டுக்கு 177.25 டிஎம்சி என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. மேட்டூர் விவசாயிகள் மன்னிக்க வேண்டும், அதில் ஒரு மடக்கு என் வயிற்றில் இருக்கிறது. தூரத்துப் பாறையில் முதலை ஒன்று வெயில் காய்ந்தது. "அது ஒண்ணும் பண்ணாது சார்" என்றார் பரிசல்காரர். அதை முதலை சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

திரும்பும் வழி முழுக்க ஏற்றம். சைக்கிள்களையும் எங்களையும் காலித் தக்காளிக் கிரேடுகளுக்கு நடுவே ஏற்றிக்கொண்டு ஒரு குட்டியானை வண்டி ஊர் சேர்த்தது. நான் நெருங்கிப் பழகிய யானை அது ஒன்றுதான்.

பாக்கி இருந்தது மலையேற்றம். காட்டு மலை என்றால் வனத்துறை அனுமதி வேண்டும் என்று நான் சந்தோஷமாக நினைவூட்டினேன். அனுமதி வேண்டாத மலையாக ராயக்கோட்டையை அவள் கண்டுபிடித்தாள். 1791இல், மூன்றாம் மைசூர்ப் போரில், மேஜர் கௌடியின் படை திப்புவின் ஆட்களிடமிருந்து பிடித்த கோட்டை. கீழ்க்கோட்டை சண்டையில் விழுந்தது, மேல்கோட்டை பிறகு சரணடைந்தது. நான் கீழேயே சரணடைந்தேன். மனைவி உச்சிக்குப் போய், அங்கிருந்து எனக்கு போன் செய்து காட்சியை வர்ணித்தாள்.

ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் திரும்பும் ரோடு சானமாவுக் காட்டை ஒட்டிப் போகிறது. வழியில் டீ குடிக்க நின்றோம். பக்கத்தில் நின்ற விவசாயி என் முழங்கால் கவசத்தைப் பார்த்து, "ஆக்சிடெண்டா சார்?" என்றார். சாகசப் பயணம் என்று விளக்கினேன். செலவையும் சொன்னேன். அவர் டீயை வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏன் சார், காசு குடுத்தா பயப்படறீங்க?"

வருஷா வருஷம் ராகி கதிர் பிடிக்கிற சமயம் பார்த்து பன்னர்கட்டா காட்டிலிருந்து யானைகள் ஜவளகிரி, தளி வழியாக இறங்கி சானமாவு வரை வரும். தேசிய நெடுஞ்சாலையைக் கூட்டமாகக் கடக்கும். லாரிகளும் கம்பெனி பஸ்களும் காத்து நிற்கும். இரண்டு மீட்டர் விதியை யாரும் அவற்றிடம் சொல்லவில்லை. இவர் பரண் மேல் டார்ச்சும் பட்டாசுமாக விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் அரை ஏக்கர் போய்விட்டதாம். அவர் குரலில் சாகசம் எதுவும் தெரியவில்லை, தூக்கம்தான் தெரிந்தது.

நான் வாங்கிய பயத்துக்கு நேரம் உண்டு, ரசீது உண்டு, பிடிக்காவிட்டால் கீழ்க்கோட்டையிலேயே உட்கார்ந்துகொள்ளும் வசதி உண்டு. அவருடைய பயத்தை ரத்து செய்ய எந்தக் கவுண்டரும் கிடையாது. அறுவடை முடிந்தால் முடியும், அடுத்த வருஷம் திரும்ப வரும்.

இதை நான் மனதுக்குள் கோத்துக்கொண்டிருந்த நேரத்தில் மனைவி காரியத்தில் இறங்கிவிட்டாள். "ராத்திரிக் காவலுக்குத் துணைக்கு ஆள் வேணுமாண்ணே?"

"வேணும்தாம்மா. கூலி குடுக்க முடியாது."

"சனிக்கிழமை வர்றோம்."

சனிக்கிழமை எனக்கு நைட் ஷிப்ட் என்றேன். நான் ஜெனரல் ஷிப்டுக்கு மாறிப் பல வருஷமாகிறது. அது அவளுக்கும் தெரியும். ஆகவே விவசாயியிடமே கேட்டுக்கொண்டாள்: "பரண்ல ரெண்டு பேர் உக்கார எடம் இருக்கும்ல? நானும் என் தங்கச்சியும்."